எண்ணெயையும் சீயக்காயையும் கம்ப்யூட்டரில் சோதிக்க முடியுமா?

கேட்டவர் திருநகரில் வீட்டிலேயே சீயக்காய்த் தூளும் மூலிகை எண்ணெயும் தயாரித்து விற்பவர். அவருடைய அண்ணன் மகன் மதுரையில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறான். "அத்தை, உங்க சரக்கை கம்ப்யூட்டர்லயே டெஸ்ட் பண்ணிடலாம், லேபே வேண்டாம்" என்று சொல்லியிருக்கிறான். அது நிஜமா? தேங்காய் எண்ணெயா நல்லெண்ணெயா, எது முடிக்குள் இறங்கும் என்று அதில் தெரியுமா? போர் தண்ணீரில் குளித்தால் முடி ஏன் தேங்காய் நார் மாதிரி ஆகிறது? செலவு எவ்வளவு? இவைதான் கேள்விகள்.

பையன் சொன்னதில் முன்பாதி சரி, பின்பாதி தவறு. கம்ப்யூட்டரில் பார்க்கலாம். அதனால் லேப் வேண்டாம் என்று ஆகிவிடாது. பல வருஷம் இதே வேலையைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: சிமுலேஷன் என்பது கம்ப்யூட்டருக்குள் கற்பனையாக ஒரு பெட்டி வைத்து அதில் அணுக்களை ஓடவிடுவது. பெட்டிக்குள் நாம் எதைப் போட்டோமோ அதைப் பற்றித்தான் அது பேசும். போட மறந்தது எதுவோ அதைப் பற்றி மூச்சு விடாது. உங்கள் விஷயத்தில் மறக்கப்போவது எது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. தண்ணீர். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் முடி. உதிர்ந்த முடி ஒன்றை எடுத்து, வேர்ப்பக்கத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கை விரல்களுக்கு நடுவே வேரிலிருந்து நுனிக்கு உருவிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும். இப்போது நுனியைப் பிடித்துக்கொண்டு வேர்ப்பக்கமாக உருவுங்கள். லேசாகப் பிடிக்கும், சில சமயம் கீச்சென்று சத்தமும் வரும். காரணம், முடியின் மேல்தோல் நாட்டு ஓடு வேய்ந்த கூரை மாதிரி செதில் செதிலாக இருக்கிறது. ஓட்டின் விளிம்பெல்லாம் நுனியைப் பார்த்திருக்கும். ஒரு செதிலின் கனம் மைக்ரோமீட்டரில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சுமார் பாதி. அது ஆறிலிருந்து பத்து அடுக்கு வரை இருக்கும்.

அந்த ஓட்டின் மேல் இயற்கையே ஓர் எண்ணெய்ப் பூச்சு பூசி அனுப்புகிறது. 18-மெத்தில் ஐகோசனாயிக் அமிலம் என்று பெயர், துறைக்காரர்கள் 18-எம்.இ.ஏ. என்பார்கள். 21 கார்பன் கொண்ட நீளமான கொழுப்பு அமிலம். மேலே தடவியதுபோல் இல்லாமல், ஒரு முனை புரதத்தில் உள்ள கந்தகத்தோடு வேதிப் பிணைப்பால் பூட்டப்பட்டிருக்கும். புல்தரை மாதிரி, வேர் உள்ளே, தாள் வெளியே. புது முடியில் தண்ணீர்ச் சொட்டு விட்டால் உருண்டு நிற்பது இதனால்தான்.

கலர் அடிப்பதற்கு முன்னால் பார்லரில் ப்ளீச் செய்கிறார்களே, அதில் காரத்தன்மையோடு சேர்ந்த ஹைட்ரஜன் பெராக்சைடு இந்தப் புல்லை வேரோடு பிடுங்கிவிடும். பிடுங்கிய இடத்தில் கந்தகம் ஆக்சிஜனோடு சேர்ந்து சல்ஃபோனேட் ஆகும், அதற்கு எதிர்மின்னேற்றம். தண்ணீரை விரட்டிய இடம் இனி தண்ணீரை அழைக்கும். ப்ளீச் பக்கமே போகாத முடிக்கும் கொஞ்சம் எதிர்மின்னேற்றம் உண்டு. முடியின் மொத்த மின்னேற்றம் பூஜ்யமாகும் பி.எச். சுமார் 3.7. நாம் குளிக்கும் தண்ணீர் அதற்கு வெகு மேலே இருப்பதால், குளிக்கும் முடி எப்போதும் எதிர்மின்னேற்றத்தோடுதான் இருக்கிறது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்து வந்துவிடும்.

சரி, சிமுலேஷன் என்றால் என்ன செய்கிறோம்? மூலக்கூறு இயக்கவியல் என்று பாடத்தில் வரும். ஒவ்வோர் அணுவையும் ஒரு கோலிக்குண்டாக வைத்துக்கொள்கிறோம். குண்டுக்குக் குண்டு எவ்வளவு இழுக்கும், எவ்வளவு தள்ளும் என்று ஒரு விதிப்பட்டியல் இருக்கும், அதுதான் ஃபோர்ஸ் ஃபீல்டு. பள்ளியில் படித்த நியூட்டன் சமன்பாட்டை வைத்து எல்லாக் குண்டுகளையும் இம்மியளவு நகர்த்துகிறோம். மறுபடி விசையைக் கணக்கிட்டு மறுபடி நகர்த்துகிறோம். ஒரு நகர்வு 2 ஃபெம்டோ செகண்டு. ஒரு மைக்ரோ செகண்டு, அதாவது செகண்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, பார்க்க வேண்டுமென்றால் 50 கோடி நகர்வு. நீங்கள் கண்டிஷனர் தடவி இரண்டு நிமிஷம் காத்திருக்கிறீர்களே, அந்த இரண்டு நிமிஷத்தை அணு அணுவாக ஓட்டி முடிக்கும் கம்ப்யூட்டர் உலகத்தில் எங்கும் கிடையாது.

இந்த வித்தையின் தொடக்கத்தில் நம் நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான், 1964-ல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடத்தில் 864 ஆர்கான் அணுக்களை கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்டு, திரவம் எப்படி நடந்துகொள்கிறது என்று காட்டினார். (ஆய்வுக்கூடமும் ஆர்கான், அணுவும் ஆர்கான். தற்செயல்தான்.) இன்று உங்கள் மருமகனின் லேப்டாப்பே அதைச் சில நிமிஷத்தில் முடித்துவிடும்.

அளவு விஷயத்தில் எல்லோரும் ஏமாறுகிறார்கள், அதனால் ஒரு கணக்கு. நாம் வழக்கமாக எடுக்கும் பெட்டி பக்கத்துக்கு 10 நானோமீட்டர் (மைக்ரோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர்). அதற்குள் தண்ணீரை மட்டும் நிரப்பினாலே சுமார் 33,000 மூலக்கூறு, அதாவது ஒரு லட்சம் அணு. முடியின் குறுக்களவு ஏறக்குறைய 70 மைக்ரோமீட்டர். பெட்டியைப்போல் ஏழாயிரம் மடங்கு. வண்டியூர் தெப்பக்குளம் ஒரு பக்கம் சுமார் 300 மீட்டர். முடி தெப்பக்குளம் அகலத்துக்கு இருந்தால், நம் பெட்டி ஓர் எலுமிச்சம்பழம். குளத்துப் படிக்கட்டில் ஒரு கல்லின் மேல் எலுமிச்சம்பழம் அளவு இடத்தைப் பார்த்துவிட்டு, தெப்பத் திருவிழா எப்படி நடக்கும் என்று சொல்லச் சொன்னால் எப்படி? அந்தக் கல் வழுக்குமா, பாசி பிடித்திருக்கிறதா, அதைத்தான் சொல்ல முடியும். ஆனால் அதைத் துல்லியமாகச் சொல்லலாம்.

கண்டிஷனரை எடுத்துக்கொள்ளுங்கள், இதில் சிமுலேஷன் நன்றாகப் பேசும். புட்டியின் பின்பக்கம் பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு என்று ஒன்று இருக்கும். தலையில் நேர்மின்னேற்றம், பின்னால் 22 கார்பன் நீளத்துக்குக் கொழுப்பு வால். விலை குறைந்ததில் செட்ரைமோனியம் இருக்கும், அதற்கு 16 கார்பன் வால். பெட்டியின் அடியில் ப்ளீச் செய்த முடியின் பரப்பை வைக்கிறோம். மேலே தண்ணீரும் இந்த மூலக்கூறுகளும். ஓட விட்டால் முதலில் அவை முடியைக் கண்டுகொள்ளவே செய்யாது, தங்களுக்குள் வாலோடு வால் ஒட்டிச் சின்னச் சின்ன உருண்டையாகும். அப்புறம் ஏதோ ஓர் உருண்டை கீழே இறங்கும்போது ஒரு தலை சல்ஃபோனேட்டைத் தொடும். தொட்டது விடாது. உருண்டை மெல்லச் சரிந்து, நெல்மூட்டை அவிழ்ந்ததுபோல் பரப்பில் பரவும். கூட்டம் குறைவாக இருக்கும்போது வால்கள் படுத்துக் கிடக்கும். கூட்டம் சேரச் சேர நிமிர்ந்து நிற்கும். தலை கீழே, வால் மேலே. பிடுங்கிய புல்லுக்குப் பதில் புதுப் புல்.

ப்ளீச் செய்யாத முடியில் இதே மூலக்கூறு வேறு விதமாக நடக்கும். அங்கே ஏற்கெனவே புல் இருப்பதால் வால் புல்லோடு சேர்ந்து படுக்கும், தலை தண்ணீரைப் பார்த்திருக்கும். ஒட்டுவதும் குறைவு. கண்டிஷனர் "சேதமான இடத்தைத் தேடிப்போய் வேலை செய்யும்" என்று விளம்பரத்தில் சொல்கிறார்களே, அதன் பின்னால் இருப்பது இவ்வளவுதான். தேடிப்போவதெல்லாம் இல்லை. மின்னேற்றம் எங்கே அதிகமோ அங்கே அதிகம் ஒட்டும். முடி நுனிதான் நாள்பட்டது, தேய்ந்தது, அதனால் நுனியில் அதிகம் பிடிக்கிறது.

இதை முறையாகச் செய்தவர்கள் உண்டு. லண்டன் இம்பீரியல் காலேஜ் ஆட்கள், ஷாம்பூ செய்யும் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, 2022-ல் முடியின் பரப்புக்கு ஒரு மாதிரியை வெளியிட்டார்கள். 18-எம்.இ.ஏ. தாள்களை அடுத்தடுத்து நட்டு, அதில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கிவிட்டு, பிடுங்கிய இடத்தில் சல்ஃபோனேட் வைத்து, மேலே தண்ணீர்ச் சொட்டை உட்கார வைத்துப் பார்த்தார்கள். சேதம் கூடக் கூடச் சொட்டு பரவுகிறது, நிஜ முடியில் நடப்பது போலவே. எனக்கு அந்த வேலையில் பிடித்தது, முடி முழுவதையும் கட்ட ஆசைப்படாமல் மேல் பூச்சை மட்டும் எடுத்துக்கொண்டதுதான். கேள்வியைப் பெட்டி அளவுக்கு வெட்டத் தெரிந்தவர்கள்.

அவர்கள் பயன்படுத்தியது மார்ட்டினி என்ற முறை. நெதர்லாந்தின் குரோனிங்கன் ஊரில் பிறந்தது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பூ கட்டும் அம்மா மல்லியை மொட்டு மொட்டாகவா கட்டுகிறார்? இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, நாலு மொட்டுக்கு ஒரு முடிச்சு. மார்ட்டினியும் அதுதான். ஹைட்ரஜனைக் கணக்கில் விட்டுவிட்டு, நாலு அணுவுக்கு ஒரு மணி. தண்ணீர் என்றால் நாலு மூலக்கூறுக்கு ஒரு மணி. எண்ணிக்கை குறைகிறது, ஒவ்வொரு நகர்வையும் பத்து மடங்கு பெரிதாக வைக்கலாம், நானோ செகண்டில் இருந்து மைக்ரோ செகண்டுக்குப் போய்விடலாம். முடிச்சைப் பார்த்து மொட்டு விரிந்ததா என்று சொல்ல முடியாது, அது இதற்குக் கொடுக்கும் விலை.

இந்த முறையில் நான் பட்ட ஓர் அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது, மே மாதம், மின்விசிறி அனலை வாரி இறைத்துக்கொண்டிருந்த அறை. பழைய மார்ட்டினியில் முடிப்பரப்பு வைத்து, 300 கெல்வின், அதாவது 27 டிகிரியில் இரவு முழுக்க ஓடவிட்டுப் போனேன். காலையில் வந்து பார்த்தால் எதுவும் நகரவில்லை. கண்டிஷனர் மூலக்கூறெல்லாம் பாதித் தண்ணீரில் அப்படியே நிற்கிறது. "அற்புதமான நிலைத்தன்மை" என்று எண்ணி வரைபடம் எல்லாம் போட்டு வழிகாட்டியிடம் கொண்டுபோனேன். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, உன் தண்ணி உறைஞ்சு போச்சுடா" என்றார். மணிகள் வரிசை வரிசையாக, கோலப்புள்ளி மாதிரி அடுக்கி நின்றன. பழைய மார்ட்டினித் தண்ணீருக்கு அந்த வியாதி உண்டு, 290 கெல்வின் பக்கத்திலேயே உறையப் பார்க்கும். ஒழுங்கான பரப்பு ஒன்று பக்கத்தில் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் சுலபமாக உறையும். தண்ணீர் மணிகளில் பத்தில் ஒரு பங்கை அளவில் சற்றுப் பெரிய மணிகளாக மாற்றிப் போட வேண்டும், அடுக்கு கலைந்துவிடும். கையேட்டிலேயே இருக்கிறது. நான் படிக்கவில்லை. மே மாதம் மதுரையில் தண்ணீரை உறைய வைத்தவன் என்ற பட்டம் இரண்டு வருஷம் கூடவே வந்தது.

இப்போது உங்கள் போர் தண்ணீர்.

நம் பக்கத்தில் பல வீடுகளில் குடிக்க ஒரு தண்ணீர், குளிக்க ஒரு தண்ணீர். உப்புத்தண்ணீர் என்று நாம் சொல்வதில் சமையல் உப்பு மட்டும் இல்லை, கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்திருக்கும். வாளியில் வெள்ளையாகப் படிவது அதுதான். குடிநீருக்கான இந்தியத் தரநிலையில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழி இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். நடுவில் 500 என்று வைத்துக்கொள்வோம். பதினைந்து லிட்டர் வாளியில் ஏழரை கிராம் சுண்ணாம்புச் சத்துக்கு ஈடு. கையில் எடுத்தால் ஒன்றரை ஸ்பூன் இருக்கும்.

அதையே நம் 10 நானோமீட்டர் பெட்டிக்குக் கணக்குப் போடுங்கள். எல்லாம் கால்சியம் என்றே வைத்தாலும் வருவது மூன்று. 33,000 தண்ணீர் மூலக்கூறுக்கு நடுவே மூன்றே மூன்று கால்சியம் அயனி. ஆரம்பநிலை மாணவர்கள் இதைப் பார்த்துவிட்டு, "மூணுதானே சார், விட்டுடலாம்" என்பார்கள். விட்டுவிட்டால் உங்கள் மூன்றாவது கேள்விக்கான விடையையும் சேர்த்து விட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

ஏனென்றால் கீழே இருக்கும் பரப்பைப் பாருங்கள். 18-எம்.இ.ஏ. தாள்களை 0.65 நானோமீட்டர் இடைவெளியில் நடும் மாதிரிகள் உண்டு. அப்படியானால் நம் பெட்டியின் அடியில் சுமார் 270 இடம். பாதி பிடுங்கப்பட்டிருந்தால் 135 எதிர்மின்னேற்றம். ஒவ்வொரு கால்சியத்துக்கும் இரண்டு நேர்மின்னேற்றம், எனவே மூன்று கால்சியம் ஆறு இடத்தைத்தான் அடைக்கும். ஆனால் பெட்டி மூடியது. உங்கள் குளியலறை திறந்தது. மொண்டு மொண்டு ஊற்றும் ஒவ்வொரு செம்பிலும் புதுக் கால்சியம் வந்துகொண்டே இருக்கிறது. முடி தனக்குப் பிடித்ததை எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தை வடியவிடுகிறது. எத்தனையோ குளியலில் சேர்ந்ததை மூன்று அயனி சொல்லாது. அதனால் பெட்டிக்குள் கால்சியத்தை வாளியில் இருக்கும் அளவுக்கு மட்டும் போடாமல், பரப்பில் உள்ள எதிர்மின்னேற்றத்தை ஈடு செய்யும் அளவுக்குப் போட்டு ஓட்ட வேண்டும். சோடியம் மட்டும் போட்டு ஒன்று, கால்சியம் போட்டு ஒன்று, இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

ஒப்பிட்டால் எதைத் தேட வேண்டும்? சோடியம் பரப்பைத் தொட்டுத் தொட்டு விலகும். கால்சியம் இறுகப் பிடிக்கும், சில இடங்களில் ஒரே அயனி பக்கத்துப் பக்கத்து சல்ஃபோனேட் இரண்டைச் சேர்த்துப் பிடிக்கலாம். கண்டிஷனர் தலை உட்காரும் நாற்காலியில் கால்சியம் ஏற்கெனவே துண்டு போட்டு வைத்துவிட்டது மாதிரி. சோப்புக்கட்டி போட்டால் இன்னொரு தொல்லை. சோப்பின் கொழுப்பு அமிலமும் கால்சியமும் சேர்ந்து கரையாத பிசுக்காகி முடியில் படியும், நார்போல் ஆவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் எச்சரிக்கை: சாதாரண ஃபோர்ஸ் ஃபீல்டில் கால்சியத்தின் ஒட்டும் குணம் நிஜத்தைவிட மிகையாக வரும். அதன் மின்னேற்றத்தை இரண்டுக்குப் பதில் ஒன்றரை என்று குறைத்துப் போடும் ஒரு திருத்தம் இருக்கிறது, அதைக் கட்டாயம் செய்து பார்க்கச் சொல்லுங்கள். மார்ட்டினியோ, சோடியத்துக்கும் கால்சியத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சரியாகக் காட்டாது. இந்தக் கேள்விக்கு மொட்டு மொட்டாகத்தான் கட்ட வேண்டும்.

தேங்காய் எண்ணெயா நல்லெண்ணெயா என்ற கேள்விக்குப் போவோம். 2003-ல் ரெலே, மொஹிலே என்ற இருவர் செய்த சோதனை பலருக்கும் தெரிந்தது. தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவி, கழுவி, எவ்வளவு புரதம் கரைந்து போகிறது என்று அளந்தார்கள். புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும். அவர்கள் மும்பையில் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனம் ஒன்றின் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்காக முடிவு தப்பு என்று இல்லை, தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்குவதை வேறு ஆய்வுக்கூடமும் பார்த்திருக்கிறது. நல்லெண்ணெய் அந்த மூன்றில் இல்லை.

காரணம் மூலக்கூறின் உருவம். தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம், 12 கார்பன், நேரான சின்ன வால். நல்லெண்ணெயில் பெரும்பகுதி ஒலியிக், லினோலியிக் அமிலங்கள், 18 கார்பன், நடுவில் முழங்கை மாதிரி வளைவு. இந்த விஷயத்தில் நல்லெண்ணெய் சூரியகாந்தியின் பங்காளி. செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே கொழுப்பும் புரதமும் கலந்த ஒரு சிமெண்டு இருக்கிறது, எண்ணெய் உள்ளே போகும் சந்து அதுதான். சந்தில் சைக்கிள் நுழையும், மாட்டு வண்டி நுழையாது.

இதை சிமுலேஷனில் நேராகப் பார்க்க முடியாது. எண்ணெய் இறங்க மணிக்கணக்கு ஆகும், நம்மிடம் இருப்பது மைக்ரோ செகண்டு. அதனால் குறுக்கு வழி ஒன்று உண்டு. ஓர் எண்ணெய் மூலக்கூறைப் பிடித்து, சந்தின் வாயிலிருந்து உள்ளே வரை படிப்படியாக நகர்த்தி, ஒவ்வொரு படியிலும் எவ்வளவு ஆற்றல் பிடிக்கிறது என்று அளந்து, மேடுபள்ள வரைபடம் போடுகிறோம். மேடு உயரமாக இருந்தால் நுழையாது. அழகர்கோவில் மலைப்பாதையை முழுக்க நடக்காமலே எங்கே மூச்சு வாங்கும் என்று சொல்வது மாதிரி. லாரிக்குக்கும் லினோலியிக்குக்கும் இந்த மேட்டை ஒப்பிடுவது எம்.எஸ்சி. மாணவன் ஒருவன் தாராளமாகச் செய்யக்கூடிய வேலை. எடுத்துக்கொள்ளும் கெரட்டின் (முடியின் புரதம்) மாதிரி ஒழுங்காக மடிந்திருக்கிறதா என்று, புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடங்க முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளட்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரன் குழு 1963-ல் வெளியிட்ட வரைபடம் அது. இன்றைக்கும் உலகத்தில் புரத மாதிரி கட்டும் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது.

உங்கள் எண்ணெயில் கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, செம்பருத்தி எல்லாம் காய்ச்சி இறக்குகிறீர்கள். அதைப் பெட்டிக்குள் பார்க்கலாமா என்றால் சங்கடம்தான். நம் பெட்டியை எண்ணெயால் நிரப்பினால் கொள்வது சுமார் 850 எண்ணெய் மூலக்கூறு. மூலிகைச் சத்து ஆயிரத்தில் ஒன்று என்றால் பெட்டிக்குள் ஒரு மூலக்கூறுகூட முழுதாகக் கிடைக்காது. தவிர, அந்தச் சத்து என்பது ஒரே பொருள் இல்லை, நூற்றுக்கணக்கில் கலவை. எதைப் போடுவது என்று யார் முடிவு செய்வது?

சீயக்காய்க்கும் இதே சிக்கல், கொஞ்சம் குறைவாக. நுரைப்பது சப்போனின். எண்ணெய்ப்பசையுள்ள ஒரு நடுப்பகுதி, அதில் தொங்கும் சர்க்கரைச் சங்கிலிகள். அதிலும் ஒன்றல்ல, பல வகை. நன்றாக அடையாளம் கண்ட ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஓட்டலாம். அப்போது கேட்க நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது. சோப்பின் தலை முழு எதிர்மின்னேற்றம், கால்சியத்தைக் கண்டால் திரிந்துபோகும். சப்போனினின் தலை பெரும்பாலும் மின்னேற்றமில்லாத சர்க்கரை. கால்சியம் இருந்தால் அதற்கு என்ன ஆகும்? உப்புத்தண்ணீர் ஊர்களில் சீயக்காயும் அரப்பும் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததற்கு அது ஒரு காரணமாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. வாளியில் செய்து பார்க்கவும் சுலபம்: போர் தண்ணீரில் ஒரு டம்ளர், கேன் தண்ணீரில் ஒரு டம்ளர், சோப்பு ஒரு ஜோடி, சீயக்காய் ஒரு ஜோடி, நாலையும் குலுக்கி வைத்துப் பத்து நிமிஷம் கழித்து எதில் நுரை நிற்கிறது, எதில் திரிதிரியாகப் படிகிறது என்று பாருங்கள். உங்கள் மருமகனின் பெட்டியில் வரும் பதில் இந்த நாலு டம்ளரோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் தப்பு டம்ளரில் இல்லை.

முடியாதது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். முடி வளருமா, உதிர்வது நிற்குமா, இதற்கு இந்த சிமுலேஷன் வாயே திறக்காது. வளர்வது தலைத்தோலுக்குள் உயிரோடு இருக்கும் வேரில், நாம் பெட்டியில் வைப்பது வெளியே வந்த உயிரற்ற இழை. "கம்ப்யூட்டர் மூலம் நிரூபிக்கப்பட்டது" என்று லேபிளில் போடும் ஆசை வந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். மருதாணி, அவுரி, ஹேர் டை விஷயமும் இதில் வராது. அங்கே வேதிப் பிணைப்பு புதிதாக உண்டாகிறது. நம் குண்டு மாதிரியில் பிணைப்பு உடையாது, சேராது. அதற்கு குவாண்டம் கணக்கு வேண்டும், அது தனிப் படிப்பு.

செலவு. குரோமாக்ஸ் என்ற மென்பொருள் இலவசம், அதுவும் குரோனிங்கனில் தொடங்கியதுதான். கேமிங் கார்டு போட்ட சாதாரண கம்ப்யூட்டர் ஒன்றில் லட்சம் அணுப் பெட்டி நாளுக்குப் பல பத்து நானோ செகண்டு ஓடும். மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் போகுமே, அதற்கும் பயப்பட வேண்டாம். மென்பொருள் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தானே நிலையைச் சேமித்து வைக்கும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கரண்ட் பில்தான் செலவு. இதைவிடப் பெரிதாகச் செய்ய வேண்டுமானால் திருச்சி என்.ஐ.டி.யில் 2022-ல் வந்த பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறது. பேராசிரியர் ஒருவர் வழியாகத்தான் அங்கே நேரம் கேட்க முடியும். வெப்பநிலையை மட்டும் யோசித்து வைக்கச் சொல்லுங்கள். எல்லோரும் பழக்கத்தில் 300 கெல்வின் போடுவார்கள். சித்திரை மாதத்து மாடித் தொட்டித் தண்ணீர் அதைவிட நல்ல சூடு.

முடி மாதிரி வேண்டுமென்றால் மேலைநாட்டு லேப்கள் காசு கொடுத்து வாங்குகின்றன. நமக்குப் பக்கத்திலேயே பழனி. இருந்தாலும் உங்கள் வாடிக்கையாளர்களில் கலர் அடிக்காத ஒருவர், ப்ளீச் செய்த ஒருவர், இரண்டு பேரிடம் முடி வெட்டும்போது கொஞ்சம் கேட்டு வாங்கி வையுங்கள். இரண்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் படம் எடுத்தாலே அவனுடைய பெட்டிக்கு முதல் பரீட்சை தயார்.

ஆனால் கம்ப்யூட்டரைத் தொடுவதற்கு முன் உங்கள் போர் தண்ணீரில் ஒரு பாட்டில் பிடித்து, தண்ணீர் பரிசோதிக்கும் இடத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். மொத்தக் கடினத்தன்மை என்று ஒரே எண்ணாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டாம். கால்சியம் எவ்வளவு, மக்னீசியம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் அவை இரண்டும் ஒரே மாதிரி நடக்காது.